பழைய அமெரிக்க மினிபைக்: தேடி வாங்குவது முதல் ஓட வைப்பது வரை

வளைத்து வெல்டிங் வைத்த இரும்புக் குழாய் ஃபிரேம், புல் வெட்டும் இயந்திரத்தில் இருக்கும் அதே வகை எஞ்சின், இரண்டு குட்டிச் சக்கரம், மேலே ஒரு மெத்தை சீட். கியர் இல்லை, பேட்டரி இல்லை, பெரும்பாலான மாடல்களில் விளக்குகூட இல்லை. கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் நகரும். டிவிஎஸ் 50 ஓட்டிப் பழகியவர்களுக்கு இதன் கிளட்ச் புதிதல்ல. வேகம் ஏற ஏறத் தானாகப் பிடித்துக்கொள்ளும் அதே ஏற்பாடுதான்.

அமெரிக்காவில் கார் பந்தய மைதானங்களில், வண்டி நிறுத்துமிடத்துக்கும் ஓடுதளத்துக்கும் நடுவே போய்வர ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் கையில் கிடைத்ததை வைத்துச் செய்துகொண்ட வண்டிகள் 1950-களிலேயே இருந்தன. அதைக் கம்பெனிகள் பிடித்துக்கொண்டு 1960-களில் ஊரெல்லாம் விற்றன. சியர்ஸ், மாண்ட்கோமரி வார்டு போன்ற பெரிய கடைகளின் கேட்லாக்குகளிலும் மினிபைக் வந்தது. 1960-களின் கடைசியில் ஹோண்டா தன் இசட்50 குட்டி பைக்கை அங்கே கொண்டுவந்தது. கியர், முன்பக்கச் சஸ்பென்ஷன், ஒழுங்கான பிரேக் எல்லாம் அதில் இருந்தன. உள்ளூர்க் கம்பெனிகள் தாக்குப்பிடிக்க முடியாமல் 1970-களின் நடுவில் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. அப்போது தொழுவத்திலும் கராஜ் மூலையிலும் ஒதுக்கி வைத்த வண்டிகள்தான் இன்று விலைக்கு வருகின்றன.

புதிதாக இதில் இறங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: ஓட வையுங்கள், பெயின்ட் அப்புறம். பாதியில் கைவிட்டு விற்பனைக்கு வரும் வண்டிகளைப் பார்த்தாலே காரணம் புரியும். ஃபிரேம் புதுப் பெயின்டில் மினுமினுக்கும், எஞ்சின் துண்டு துண்டாக ஒரு வாளியில் கிடக்கும், எந்த வாஷர் எங்கே இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. ஓடுகிற வண்டியை யாரும் வாளியில் போட்டு விற்பதில்லை. கீழே இருக்கும் படிகளின் வரிசை இந்த ஒரு எண்ணத்தை வைத்துப் போட்டது.

1. எதைத் தேடுவது

பெயர்கள் நிறைய. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், சிலவற்றைத் தெரிந்து வைத்தால் போதும்.

சேகரிப்பவர்கள் முதலில் உச்சரிக்கும் பெயர் ரப். ஓஹாயோவின் மேன்ஸ்ஃபீல்டில் மிக்கி ரப் நடத்திய கம்பெனி. கோ-கார்ட்டில் தொடங்கி மினிபைக்குக்கும் பனிவண்டிக்கும் போனவர். 1965-ல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் தானே ஓட்டி ஆறாவதாக வந்தார். பந்தயக்காரர் கைபட்டது வண்டியிலும் தெரியும். ரோட்ஸ்டர் மாடலில் விளக்கு, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், கம்பிச் சக்கரம் எல்லாம் கொடுத்தார்கள். அதே மேன்ஸ்ஃபீல்டில் ஸ்பீட்வே என்ற கம்பெனியும் இருந்தது. ரெட் பாரன், ஸ்கார்ப்பியன் எல்லாம் அவர்கள் வண்டி.

கலிஃபோர்னியா பக்கம் வந்தால் அல்ஹாம்ப்ராவில் ஸ்டீன்ஸ் கம்பெனி செய்த டாகோ, சான் ஹோசேயில் செய்த பொனான்சா. டாகோ 22 எளிமையின் உச்சம். மிச்சிகனில் மிக்ரினா சகோதரர்கள் செய்த லில் இண்டியன், பென்டன் ஹார்பரிலிருந்து நாமே பூட்டிக்கொள்ளும் பொட்டலமாக வந்த ஹீல்டு, விஸ்கான்சின் ஜேன்ஸ்வில்லில் செய்த ஃபாக்ஸ், நெப்ராஸ்கா ஒமாஹாவின் பேர்டு என்று பட்டியல் நீளும். பெயரே தெரியாத கடை வண்டிகளும் ஏராளம்.

முதல் வண்டியாக ரப் ரோட்ஸ்டர் வேண்டாம் என்பது என் கருத்து. விலை அதிகம், அதற்கே உரிய பாகங்கள் நிறைய, ஒன்று குறைந்தாலும் தேடி அலைய வேண்டும். மூன்றரை அல்லது ஐந்து குதிரைசக்தி பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சினும் சாதாரணக் கிளட்சும் பூட்டிய கடை வண்டி ஒன்றில் கை பழகட்டும். அதற்கான பாகங்கள் இன்னும் புதிதாகவே கிடைக்கின்றன.

2. எங்கே தேடுவது

பழைய சாமான் விளம்பரங்கள் வரும் கிரெய்க்ஸ்லிஸ்ட் தளம், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் தினமும் ஒரு கண் வைத்திருங்கள். "மினிபைக்" என்று மட்டும் தேடாதீர்கள். விற்பவருக்குப் பெயர் தெரியாமல் "பழைய ஸ்கூட்டர்", "கோ-கார்ட் எஞ்சின்", "தாத்தாவின் பைக்" என்று போட்டிருப்பார். நல்ல வண்டி நல்ல விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட விளம்பரத்தில்தான். வீட்டுப் பெரியவர் இறந்தபின் சாமான்களை மொத்தமாக விற்கும் எஸ்டேட் சேல்களும் நல்ல இடம்.

நேரில் போய்ப் பார்க்க இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, ஓஹாயோ லெக்சிங்டனில் மிட்-ஓஹாயோ பந்தயத் தளத்தில் கோடையில் ஏ.எம்.ஏ. என்ற அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் நடத்தும் விண்டேஜ் மோட்டார்சைக்கிள் டேஸ். பழைய சாமான் சந்தை ஏக்கர் கணக்கில் விரிந்திருக்கும். ரப் பிறந்த மேன்ஸ்ஃபீல்டு அங்கிருந்து கூப்பிடு தூரம் என்பதால் அந்த வண்டிக்கான பாகங்களைத் தேடுகிறவர்கள் அங்கே போவதில் அர்த்தம் இருக்கிறது. இன்னொன்று, இண்டியானா போர்ட்லேண்டில் கோடையில் கூடும் விண்டேஜ் மோட்டார் பைக் கிளப்பின் கூட்டம். அங்கே வண்டி வாங்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரே மாடலின் பத்து வண்டியை அக்கம்பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்போது எது கம்பெனி பூட்டியது, எது பிறகு யாரோ சேர்த்தது என்பது கண்ணுக்குப் பழகிவிடும். இந்தப் பழக்கம் படத்தைப் பார்த்து வராது.

3. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டார்ச், சின்னக் காந்தம், ஒரு பிளக் ஸ்பானர், துணி. இவ்வளவு போதும்.

முதலில் ஃபிரேம். ஹேண்டில் பொருந்தும் கழுத்துப் பகுதி, எஞ்சின் உட்காரும் தட்டு, பின் அச்சு பிடிக்கும் தகடு, இந்த மூன்று இடத்திலும் வெல்டிங்கை ஒட்டி மயிரிழைபோல் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் கோடாகப் பிளந்து உள்ளே துரு தெரிந்தால் வெடிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். வெடிப்பு இருந்தால் வாங்கக் கூடாது என்பதல்ல. நல்ல வெல்டர் கையில் அது சரியாகும், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். கழுத்து கோணியிருந்தால் மட்டும் விலகிவிடுங்கள். பின்னால் நின்று பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் தெரிய வேண்டும்.

அடுத்து, என்ன குறைகிறது என்று எண்ணுங்கள். செயின் கவர், சீட்டின் அடித்தகடு, மட்கார்டு, பிரேக் மிதி, ஹேண்டில் கிளாம்ப், எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றைத் திருப்பிவிடும் ஊதுகூடு எல்லாம் இருக்கின்றனவா? துரு ஏறிய அசல் பாகத்தை மீட்கலாம். இல்லாத பாகத்தை மீட்க வழியில்லை. மினுமினுப்பான ஆனால் நான்கு பாகம் குறைந்த வண்டியையும், துரு பிடித்த ஆனால் முழுசான வண்டியையும் ஒரே விலைக்குச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு துருவை எடுங்கள்.

மூன்றாவது எஞ்சின். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுங்கள். சுற்றினால் பாதி நிம்மதி. சுற்றாவிட்டால் வலுக்கட்டாயம் வேண்டாம், "இறுகிப்போன எஞ்சின்" என்ற கணக்கில் விலை பேசுங்கள்.

எஞ்சின் அந்த வண்டியோடு பிறந்ததா என்பதை அதில் குத்தியிருக்கும் எண்ணே சொல்லிவிடும். பிரிக்ஸ் எஞ்சினில் மாடல், டைப், கோட் என்று மூன்று எண் இருக்கும். மாடல் எண்ணின் தொடக்கம் எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் காட்டும். 80202 என்றால் 8 கன அங்குலம், 130202 என்றால் 13. கோட் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு தேதி. 710415 என்று தொடங்கினால் 1971 ஏப்ரல் 15. பிரிக்ஸைப்போலவே இந்த வண்டிகளில் வரும் இன்னொரு கம்பெனி டெகம்சே. அதன் எஞ்சினில் எச்.எஸ்.40 மாதிரியான மாடல் எண்ணோடு ஒரு தேதி எண்ணும் இருக்கும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 1105 என்றால் ஒன்றில் முடியும் ஆண்டின் 105-வது நாள். எந்தப் பத்தாண்டு என்பதை வண்டியை வைத்து முடிவு செய்ய வேண்டும். வண்டி 1970 மாடல் என்று விற்பவர் சொல்லி, எஞ்சின் கோட் 84 என்று தொடங்கினால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, அசல் எஞ்சினோடு இருக்கும் வண்டிக்கான விலையை மட்டும் கொடுக்க வேண்டாம்.

கடைசியாகக் காகிதம். இந்த வண்டிகளில் பலவற்றுக்கு உரிமைப் பத்திரம் என்று ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை. ஃபிரேம் எண், விற்பவர் பெயர், தேதி, தொகை எழுதிக் கையெழுத்துப் போட்ட விற்பனைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரேம் எண்ணை அரம் வைத்துத் தேய்த்த வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

4. பிரிக்கும் முன்

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கை பரபரக்கும். ஒரு மாலை பொறுத்து எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிள் எந்த வழியாகப் போகிறது, எஞ்சினுக்கு அடியில் எத்தனை வாஷர், செயின் கவருக்கு எந்தத் தலை போல்ட், கார்பரேட்டர் ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது. எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் பிடித்து வைப்பது கவர்னர். அதன் ஸ்பிரிங்கைத் தவறான ஓட்டையில் மாட்டினால் எஞ்சின் வேகம் கட்டுக்குள் நிற்காது. அந்த ஒரு படத்துக்காகவே கேமராவை எடுக்கலாம்.

துரு ஏறிய போல்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். பிறகும் அசையாவிட்டால் சூடு காட்டுங்கள், ஆனால் டேங்க்கை வண்டியிலிருந்து எடுத்துத் தூரமாக வைத்த பிறகு. கழற்றும் ஒவ்வொன்றையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

5. எஞ்சினுக்கு உயிர் கொடுப்பது

இந்த வேலையின் இதயம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று கசியாமல் அழுந்துவது), சரியான நேரத்தில் தீப்பொறி, பெட்ரோல். இதே வரிசையில் பாருங்கள். கார்பரேட்டரை வாரக்கணக்கில் நோண்டிவிட்டுக் கடைசியில் வால்வ் ஒட்டியிருப்பதைக் கண்டுபிடிப்பது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது.

கம்ப்ரஷன். இறுகிய எஞ்சினாக இருந்தால் பிளக் ஓட்டை வழியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊற விடுங்கள். பிறகு பிளைவீலை, அதாவது கிராங்க் நுனியில் இருக்கும் கனமான சக்கரத்தை, கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும் பிளக்கைப் பூட்டி, பிளைவீலை அது ஓடும் திசைக்கு எதிராக ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். எதிர்த்து வெடுக்கென்று திரும்பினால் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது. பிரிக்ஸ் மெக்கானிக்குகள் காலம்காலமாகச் செய்யும் சோதனை இது. சோம்பலாகச் சுற்றிப் போனால் ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

பயப்பட வேண்டாம், இவை வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நிற்கும் பக்கவால்வ் எஞ்சின்கள். ஹெட் என்பது சில போல்டுகள் பிடித்திருக்கும் ஒரு தட்டு, அவ்வளவுதான். கழற்றினால் பிஸ்டனும் இரண்டு வால்வும் கண்ணுக்கு நேரே தெரியும். பல வருடம் நின்ற எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வ் திறந்தபடி ஒட்டிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். தண்டில் எண்ணெய் விட்டு மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டினால் இறங்கும். கரியைப் பித்தளைத் தகடாலோ மரத்தாலோ சுரண்டுங்கள், அலுமினியத்தில் கோடு விழக் கூடாது. 3 குதிரைசக்தி பிரிக்ஸில் வால்வ் இடைவெளி இன்டேக்கில் 0.005 முதல் 0.007 அங்குலம், எக்ஸாஸ்ட்டில் 0.009 முதல் 0.011 அங்குலம். திருகித் திருத்த ஸ்குரூ கிடையாது. குறைவாக இருந்தால் வால்வ் தண்டின் நுனியைத் தேய்க்க வேண்டும், அதிகமாகத் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. கொஞ்சம் தேய்த்து அளந்து, மறுபடி தேய்த்து அளந்து செய்யும் வேலை. ஹெட்டைப் பூட்டும்போது புது கேஸ்கெட் போட்டு, போல்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, பல தவணையில், 140 அங்குல-பவுண்டு வரை இறுக்குங்கள்.

தீப்பொறி. பழைய எஞ்சின்களில் தீப்பொறிக்கான மின்சாரத்தைச் சரியான நேரத்தில் துண்டிக்கும் சின்னச் சுவிட்ச்தான் பாயின்ட். அது பிளைவீலுக்கு அடியில் இருக்கும். பிளைவீலைக் கழற்ற அதற்கான புல்லரை வாங்குங்கள், விலை பெரிதல்ல. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பி, சுத்தியலால் கிராங்க் நுனியை அடித்து உடைத்த எஞ்சின்கள் நிறைய இருக்கின்றன. பிளைவீலைப் பிடிக்கும் நட் எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று அந்த மாடலின் கையேட்டில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

பிளைவீலை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது கீ. பிளைவீலையும் கிராங்க்கையும் இணைக்கும் சின்ன உலோகக் கட்டி. பிரிக்ஸில் இது வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்திருக்கும், ஏதாவது முட்டினால் எஞ்சினுக்குப் பதில் அது வெட்டுப்படட்டும் என்று. அரை மில்லிமீட்டர் வெட்டுப்பட்டிருந்தாலே டைமிங் மாறி எஞ்சின் கயிற்றைக் கையிலிருந்து பிடுங்கும். அதற்கு உரிய புதுக் கீயையே போடுங்கள். கெட்டியாக இருக்கட்டும் என்று எஃகுத் துண்டு போடாதீர்கள்.

பிரிக்ஸில் பாயின்டின் ஒரு முனை கண்டென்சரின் நுனியிலேயே இருக்கும். கண்டென்சரைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தித்தான் இடைவெளி வைக்க வேண்டும். அளவு 0.020 அங்குலம், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜ் லேசாகப் பிடித்தபடி வழுக்கிப் போக வேண்டும். முனைகளில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு படலம் இருக்கும், வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் தீப்பொறி வராததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நைஸ் உப்புத்தாளை ஒருமுறை இழுத்து, பிறகு சுத்தமான வெள்ளைக் காகிதத்தை நடுவில் வைத்து இழுங்கள். காகிதத்தில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் வரும்வரை புதுத் துண்டு வைத்து இழுத்துக்கொண்டே இருங்கள். அடுத்த நாளே மறுபடி எண்ணெய் படிந்திருந்தால் பாயின்டைத் தள்ளும் குச்சியின் துளை தேய்ந்து எஞ்சின் எண்ணெய் கசிகிறது என்று அர்த்தம்.

பாயின்டோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பிரிக்ஸ் 1982-ல் கொண்டுவந்த மேக்னட்ரான் என்ற எலக்ட்ரானிக் இக்னிஷனைப் பல பழைய அலுமினிய எஞ்சின்களிலும் பூட்டலாம், வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. ஓட்டுவதற்கான வண்டியில் நான் அதைத் தயங்காமல் போடுவேன். கண்காட்சிக்கான வண்டியில் பாயின்டே இருக்கட்டும். பிளக் இடைவெளி 0.030 அங்குலம்.

டெகம்சேயிலும் பாயின்ட் பிளைவீலுக்கு அடியில்தான். ஆனால் அங்கே பாயின்ட் தட்டையே திருப்பி, பிஸ்டன் உச்சிக்கு எவ்வளவு முன்னால் இருக்கும்போது பாயின்ட் பிரிய வேண்டும் என்று வைக்க வேண்டும். அந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும். கழற்றும் முன் தட்டுக்கும் எஞ்சினுக்கும் சேர்த்து ஒரு கோடு கிழித்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

பெட்ரோல். டேங்க்கில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி ஒட்டிக் கிடக்கும், அதன் வாடையே சொல்லிவிடும். அதை வடித்து, உள்ளே ஒரு கைப்பிடி நட்டோ சின்னச் செயின் துண்டோ போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்துக் கழுவுங்கள். ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. கழுவிய டேங்க்கிலும் ஆவி தங்கியிருக்கும், வெடித்துவிடும்.

பிரிக்ஸ் 80202 போன்றவற்றில் கார்பரேட்டர் டேங்க்கின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். பல்சா-ஜெட் என்று பெயர். மிதவை கிடையாது, டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வுதான் பெட்ரோலை இறைக்கும். அது விறைத்துப்போயிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. யோசிக்காமல் புதிது போடுங்கள். ஊசி ஸ்குரூவை மெதுவாக உட்காரும்வரை திருகி, அங்கிருந்து சுமார் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். இறுக்கி உட்கார வைத்தால் ஊசி நுனியில் பள்ளம் விழும், பிறகு ஒருநாளும் சரியாக ஓடாது. அமெரிக்க பங்க்குகளில் வருவது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைக்கும் பங்க்கைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் எஸ்.ஏ.இ. 30. இந்த எஞ்சின்களில் எண்ணெய் ஃபில்டர் கிடையாது, உள்ளே ஒரு கரண்டியோ பல்சக்கரமோ எண்ணெயை வாரி இறைப்பதுதான் மொத்த ஏற்பாடு. அதனால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை மாற்றி, பிறகும் அடிக்கடி மாற்றுங்கள்.

6. கிளட்ச், செயின்

கிளட்ச் சுமார் 1,800 முதல் 2,000 சுற்று வேகத்தில் பிடிக்க ஆரம்பிக்கும். ஐடிலில் வண்டி தானாக நகர்ந்தால் ஐடிலைக் குறையுங்கள். கிளட்ச் புஷ்ஷுக்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் போதும், ஷூவில் படக் கூடாது. மேட்டில் பாதி ஆக்ஸிலரேட்டரில் நின்று நின்று ஏறினால் கிளட்ச் வெந்து நீலம் பாய்ந்துவிடும்.

செயினில் இரண்டு அளவு புழங்கும். 35 என்பது 3/8 அங்குல இடைவெளி, 41-ம் 420-ம் அரை அங்குலம். கிளட்ச், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நேரான ஒரு கம்பியை இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் ஒட்டி வைத்து ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். செயின் திரும்பத் திரும்பக் கழன்றால் செயினைக் குறை சொல்லாதீர்கள், கோணல்தான் காரணமாக இருக்கும்.

7. சக்கரம், பிரேக்

பல மினிபைக் சக்கரங்கள் இரண்டு பாதியாகப் பிளந்து போல்டு போட்டவை. அந்தப் போல்டைத் தொடும் முன் காற்றை முழுசாக இறக்குங்கள், வால்வின் உள்முள்ளையும் கழற்றிவிடுங்கள். காற்றோடு கழற்றினால் சக்கரப் பாதி முகத்தை நோக்கிப் பறக்கும்.

மலிவு வண்டிகளில் பிரேக் என்பது மிதித்தால் டயரிலேயே உரசும் ஒரு இரும்புத் தகடு. அசலாக இருக்கட்டும் என்று அதையே நம்பி ஓட்டாதீர்கள். அந்தத் தகடு அங்கேயே இருக்க, பின் சக்கரத்தில் பேண்ட் பிரேக்கோ டிரம் பிரேக்கோ சேர்க்கலாம். எந்த வண்டியாக இருந்தாலும் அசல் மோகத்தை ஒதுக்கி வைக்க வேண்டிய இடம் பிரேக். பழைய பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

8. பெயின்டும் குரோமும்

இப்போது வண்டி ஓடுகிறது. இனி நிதானமாக யோசியுங்கள், பெயின்ட் தேவையா? அசல் பெயின்டில் முக்கால்வாசி மிச்சமிருந்து, ஸ்டிக்கரும் படிக்கிற மாதிரி இருந்தால் கழுவி மெழுகு போட்டு விட்டுவிடுங்கள். அசல் பூச்சு ஒருமுறைதான். சுரண்டினால் போச்சு. சேகரிப்பவர்களிடையேயும் தேய்ந்த அசலுக்கு மதிப்பு கூடிக்கொண்டே வருகிறது.

துரு பிடித்த குரோமில் அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், போகவே போகாது என்று நினைத்த துரு பாதிக்கு மேல் கரைந்து வரும். குரோம் உரிந்திருந்தால் மட்டும் மறுபூச்சுக்கு அனுப்பலாம், அது செலவு பிடிக்கும் வேலை.

முழுசாகப் பெயின்ட் அடிப்பதென்றே முடிவு செய்தால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-ல். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு, உலர்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சின்னப் பாகங்களின் துருவைச் சலவைச் சோடா கரைசலில் மின்சாரம் பாய்ச்சி எடுப்பவர்கள் உண்டு. அதில் பாகத்துக்கு எதிரே நேர்மின்முனையாக எவர்சில்வரை மட்டும் வைக்காதீர்கள், நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். சீட் உறையும் ஸ்டிக்கரும் பிரபலமான மாடல்களுக்குப் புதிதாகவே அச்சடித்து விற்கிறார்கள்.

9. ஓட்டும்போது

கவர்னரைக் கழற்றிவிட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். கூடும். ஆனால் இந்த எஞ்சின்கள் 3,600 சுற்றுக்கென்று செய்தவை. அதற்கு மேலே போனால் கனெக்டிங் ராட் முறியலாம், பிளைவீலே சிதறலாம், அந்தப் பிளைவீல் ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவில் சுற்றுகிறது. வேகம் வேண்டுமென்றால் அதற்கென்று செய்த கனெக்டிங் ராடும் பிளைவீலும் போட்ட வேறு எஞ்சினை வையுங்கள், அசல் எஞ்சினைப் பத்திரமாக அலமாரியில் வையுங்கள்.

ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ இல்லாமல் ஏற வேண்டாம். பொதுச் சாலையில் ஓட்டும் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு, பெரும்பாலான மினிபைக்குகள் சாலைக்குத் தகுதியானவை அல்ல. சொந்த நிலமோ, அனுமதி வாங்கிய நிலமோ நல்லது. முதல் ஓட்டம் கால் மணி நேரம் போதும். இறங்கியதும் எஞ்சின் போல்டு, அச்சு நட், ஹேண்டில் கிளாம்ப், செயின் இழுவை நான்கையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஒற்றைச் சிலிண்டர் அதிர்வில் ஏதாவது ஒன்று நிச்சயம் தளர்ந்திருக்கும்.

10. குளிர்காலத்துக்கு

பனி விழும் மாநிலங்களில் ஐந்தாறு மாதம் வண்டி நின்றே ஆக வேண்டும். அடுத்த வருடத் தலைவலியில் பாதி இந்த மாதங்களில்தான் உருவாகிறது. டேங்க்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்து, பிளக்கைப் பூட்டுங்கள். கடைசியாக, கயிறு கெட்டியாக எதிர்க்கும் இடம்வரை இழுத்து அங்கேயே நிறுத்துங்கள். அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது, வால்வும் ஒட்டாது. வசந்தம் வந்ததும் பிளக்கைத் துடைத்துப் பூட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுங்கள். முதல் ஒரு நிமிடம் நீலப் புகை வரும், அது நீங்கள் ஊற்றிய எண்ணெய் எரிவது.